ஷேர்காரரின் போணி

வெள்ளாற்றுப் பாலத்தின் பாதியில் நடந்துகொண்டிருந்தபோதுதான் அது என் சட்டைப் பையில் கிடப்பது நினைவுக்கு வந்தது. கம்ப்யூட்டர் கீபோர்டிலிருந்து பெயர்த்த ஒற்றைப் பொத்தான். கட்டைவிரல் நகம் அளவுதான் இருக்கும். வெள்ளையாக இருந்து பழுப்பேறிய பிளாஸ்டிக். மேலே எஃப் என்ற எழுத்து, பக்கத்தில் இரண்டு என்ற எண். சிதம்பரத்திலிருந்து கிளம்பி ஒன்றரை மணி நேரம் நடந்திருந்தேன். பஸ்ஸுக்குக் காசில்லாமல் நடக்கவில்லை. பஸ்ஸில் பரங்கிப்பேட்டைப் பக்கத்துக் கடற்கரை ஆட்கள் யாராவது இருப்பார்கள், என் முகம் அவர்களுக்குத் தெரிந்திருக்கும் என்ற பயத்தில் நடந்தேன். பின்னால் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டபோதெல்லாம் சாலையை விட்டு இறங்கி, ஒண்ணுக்குப் போகிறவன் போல வயலைப் பார்த்து நின்றேன். அறுத்த வயல்கள். பாலத்தின் மேல் இறங்கி நிற்க இடமில்லை. அதனால் வேகமாக நடந்தேன். சட்டைப் பைக்கு மேல் கையை வைத்து அழுத்தியபடி நடந்தேன். ஆற்றில் எறிந்துவிடலாம் என்று இரண்டு முறை தோன்றியது. எறியவில்லை.

2008 ஜனவரி. பொங்கல் கழிந்து ஒரு வாரம். எனக்கு அப்போது இருபத்தெட்டு வயது. பண்ருட்டியில் பிறந்தவன். பத்தாம் வகுப்பில் இரண்டு பாடம் நின்றுபோனதும் பள்ளிக்கூடத்தை நானும் விட்டேன், அதுவும் என்னை விட்டது. முந்திரிக் கொட்டை மூட்டை ஏற்றினேன். திருப்பூரில் பனியன் மடித்தேன். பெங்களூரில் ஒரு ஓட்டலில் இரண்டு வருஷம் தட்டுக் கழுவினேன். கடலூரில் ஒரு லாட்டரிக் கடையில் உட்கார்ந்திருந்த காலம்தான் எனக்குப் பிடித்த காலம். எண்களைப் பார்த்த மாத்திரத்தில் மனத்தில் பதித்துக்கொள்ள அங்கேதான் பழகினேன். லாட்டரிக்குத் தடை வந்ததும் கடையை மூடினார்கள். பிறகு ஒரு டெலிபோன் பூத், அதை செல்போன் மூடியது. 2006-ல் சிதம்பரம் மேல வீதியில், ஒரு மருந்துக் கடைக்கு மேலே இருந்த ஷேர் ஆபீசில் சேர்ந்தேன். எண்களை வேகமாக அடிப்பான் என்று யாரோ சொன்னதன் பேரில் எடுத்துக்கொண்டார்கள். அந்த மெஷினில் உட்கார ஒரு பரீட்சை எழுதியிருக்க வேண்டும். நான் எழுதவில்லை. முதலாளியின் மைத்துனர் எழுதியிருந்தார். அவர் பெயரில் நான் உட்கார்ந்தேன். இரவில் அதே ஆபீசில் பெஞ்சில் படுத்துக்கொண்டேன்.

முதலாளியை ஊரில் எல்லோரும் ஷேர்காரர் என்றார்கள். நான் அண்ணே என்பேன். ஐம்பதை நெருங்கிய ஆள். சலவைச் சட்டை, நெற்றியில் விபூதி, எப்போதும் ஈரமாக இருக்கும் உள்ளங்கை. நோட்டை எண்ணிக் கொடுத்தால் நோட்டு நனைந்திருக்கும். சென்னையில் ஒரு பெரிய புரோக்கர் கம்பெனி இருந்தது. அதற்குக் கீழே இவர் சிதம்பரத்தில் சின்ன புரோக்கர். பம்பாயில் நடக்கிற வியாபாரம் எங்கள் மொட்டை மாடியில் இருந்த டிஷ் வழியாக இறங்கி, இரண்டு கம்ப்யூட்டர் திரைகளில் ஓடும். ஏறினால் நீலம், இறங்கினால் சிவப்பு. எதிரே பன்னிரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள். ரிட்டயர் ஆனவர்கள், கடைக்காரர்கள், வெளிநாட்டிலிருந்து லீவில் வந்தவர்கள் வந்து உட்கார்ந்து, சினிமா பார்ப்பதுபோல நாள் முழுக்கப் பார்ப்பார்கள். அதில் ஒருவர் வாயைத் திறந்து இன்னதில் இத்தனை வாங்கு என்பார். நான் அடிப்பேன். வாங்கினாலும் எங்களுக்குத் தரகு, விற்றாலும் தரகு. சரக்கு எங்களுடையதில்லை, பணமும் எங்களுடையதில்லை. கேட்கிறவர்களுக்கு ஷேர்காரர் தன் தொழிலை ஒரே மாதிரிதான் விளக்குவார். "நம்ம வேலை ரொம்ப சின்ன வேலைங்க. அவரு சொல்றத அடிக்கறது. சொல்லாதத அடிக்காம இருக்கறது. அவ்வளவுதான்."

இதைச் சொல்கிற மனுஷருக்கு ஒரு பயம் இருந்தது. 2004 மே மாதம், நான் சேர்வதற்கு முன்னால், ஒரு திங்கட்கிழமை மார்க்கெட் தலைகுப்புற விழுந்தது. அன்று அவரே கீபோர்டில் உட்கார்ந்திருந்தாராம். அன்றைய முதல் ஆர்டராக யாருக்கோ விற்றாராம். விற்ற அடுத்த நிமிஷத்திலிருந்து விழ ஆரம்பித்ததாகச் சொல்வார். நாடு முழுக்க விழுந்ததற்கு மேல வீதி மாடியில் தான் அடித்த ஒரு ஆர்டர் காரணம் இல்லை என்று அவருக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் அதற்குப் பிறகு அந்த ஆபீசில் நாளின் முதல் ஆர்டர் வாங்குவதாகத்தான் இருக்க வேண்டும் என்று ஆயிற்று. போணி. கடையில் முதல் வியாபாரத்துக்குச் சொல்கிறோமே, அதே போணி. கடைக்காரனுக்கு விற்றால் போணி, எங்களுக்கு வாங்கினால் போணி.

அந்த மெஷினில் எஃப் ஒன்றை அழுத்தினால் வாங்குகிற பெட்டி நீலமாகத் திறக்கும். எஃப் இரண்டை அழுத்தினால் விற்கிற பெட்டி சிவப்பாகத் திறக்கும். கை தவறிக்கூட முதலில் விற்பனை நடந்துவிடக் கூடாது என்பதற்காக, ஷேர்காரர் தினமும் காலையில் எஃப் ஒன்றுக்குக் குங்குமம் வைத்துவிட்டு, ஒரு சின்ன ஸ்க்ரூ டிரைவரால் எஃப் இரண்டை நெம்பி எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். போணி ஆனதும் எடுத்து, கண்ணில் ஒற்றி, பழைய இடத்தில் பொருத்துவார். புதிதாக வருகிறவர்கள் சிரிப்பார்கள். இரண்டு மாதம் நஷ்டப்பட்டால் அவர்களும் கும்பிட ஆரம்பித்துவிடுவார்கள். போணி செய்யவென்றே ஒருவர் இருந்தார். ரிட்டயர்டு போஸ்ட்மாஸ்டர். கைராசிக்காரர் என்று பெயர். பத்து மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது மார்க்கெட் திறக்கும். அவர் சரியாக அதற்கு முன்னால் படியேறி வந்து, எதிலாவது ஒரே ஒரு ஷேர் வாங்குவார். அவர் கணக்கு முழுக்க ஒற்றை ஷேர்களாகவே இருந்தது.

பொத்தான் இல்லாமலும் அழுத்தலாம். அதைப் பிடுங்கினால் அடியில் பட்டாணி அளவு ரப்பர் மொட்டு ஒன்று இருக்கும். பேனா முனையால் அதைக் குத்தினால் போதும், சிவப்புப் பெட்டி திறந்துவிடும். சேர்ந்த புதிதில் அவசரமாக ஒருவர் விற்கச் சொன்னபோது அப்படித்தான் அடித்தேன். அன்று மார்க்கெட் கொஞ்சம் இறங்கியது. வழக்கமான இறக்கம்தான். ஷேர்காரர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள், "இன்னொரு தடவ இத செஞ்சீன்னா உன் பொட்டிய எடுத்துக்கிட்டு எறங்கிடு" என்றார். எனக்குப் போக இடமில்லை. பெஞ்சை விட்டால் பஸ் ஸ்டாண்டுதான். அதனால் பேனாவைக் காதில் செருகிக்கொண்டேன். அடுத்த ஒன்றரை வருஷம் அதை எழுதுவதற்கு மட்டும் எடுத்தேன்.

இனி நாட்டாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பரங்கிப்பேட்டைக்கு வடக்கே ஒரு மீனவ ஊர். கடற்கரையில் ஊர்ப் பஞ்சாயத்துத் தலைவரை நாட்டார் என்பார்கள். இவர் அந்த ஊர் நாட்டார். மாமா என்றுதான் கூப்பிடுவேன். தோளில் எப்போதும் ஒரு துண்டு. துவைத்துக் காய்ந்தாலும் அதில் உப்பு வாசனை போகாது. சுனாமியில் அவர்கள் ஊர்க் கோயில் இடிந்துபோனது. திரும்பக் கட்டுவதற்காக மூன்று வருஷம் ஒவ்வொரு படகின் மீன்பாட்டிலிருந்தும் ஒரு பங்கு எடுத்துச் சேர்த்து வைத்திருந்தார்கள். அந்த ஊர்ப் பணம் அவர் பெயரில் பேங்கில் இருந்தது. மணலும் சிமெண்டும் மாதத்துக்கு மாதம் ஏற, பணம் மட்டும் அப்படியே கிடக்கிறதே என்று அவருக்கு உறுத்தல். எங்கள் மாடிக்கு ஏறி வந்தார். ஊரைக் கேட்காமல் வந்தார். தீபாவளி வரைக்கும் நல்ல லாபம். அப்போதே எடுத்துப்போயிருந்தால் கோயிலுக்கு மதில் சுவரும் சேர்த்துக் கட்டியிருக்கலாம். ஷேர்காரர்தான், கையில் இருப்பதைப்போல நான்கு மடங்குக்கு வாங்கலாம், மிச்சத்தைச் சென்னைக் கம்பெனி போடும் என்று சொல்லிக்கொடுத்தார். பொய்யில்லை. எல்லோருக்கும் சொல்வதைத்தான் இவருக்கும் சொன்னார். விலை இறங்கினால் கம்பெனி தன் பங்கைக் காப்பாற்றிக்கொள்ள யாரையும் கேட்காமல் விற்றுவிடும் என்பதையும் சொன்னார். கொஞ்சம் வேகமாகச் சொன்னார்.

மாசி மகத்துக்கு மறுநாள் ஊர்க்கூட்டம். கோயில் பணத்தைப் பாயில் வைத்துக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் ஊர் விலக்கு. அதென்ன அவ்வளவு பெரிய தண்டனையா என்று ஒருமுறை கேட்டேன். நாட்டார் சிரிக்காமல் சொன்னார். "எம் படகத் தள்ள ஒரு கையி வராது. எம் மீன எவனும் ஏலம் கேக்க மாட்டான். எம் பொண்டாட்டி கொடத்த எடுத்துக்கிட்டுப் போனா குழாயடியில எல்லாரும் கலைஞ்சி போயிடுவாங்க. எம் பையனோட பேசுனவனுக்கும் தெண்டம். செத்தா தூக்க ஆளு வராது. வேற என்னா வேணும்?" இதைச் சொன்னபோது அவர் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். திரையில் அன்று எல்லாம் நீலம்.

பொங்கல் கழிந்த அந்த வாரம் திங்கட்கிழமை எல்லாம் சிவப்பு. மாலைக்குள் நாட்டார் ஆறு முறை போன் செய்தார். ஷேர்காரர், "ஒரு நாள் இறங்கும், மறுநாள் ஏறும்னு சொல்லு" என்றார். சொன்னேன். மறுநாள் காலை எட்டரைக்கே நாட்டார் படியில் உட்கார்ந்திருந்தார். முதல் பஸ்ஸில் வந்திருக்கிறார். கதவைத் திறந்துவிட்டேன். நாற்காலியில் உட்காராமல் நின்றார். ஒன்பதரைக்குள் எல்லா நாற்காலிகளும் நிரம்பிவிட்டன. ஷேர்காரர் கோயிலிலிருந்து வந்து, எஃப் ஒன்றுக்குக் குங்குமம் வைத்து, எஃப் இரண்டை நெம்பிப் பையில் போட்டுக்கொண்டார். குங்குமம் பொத்தானில் பட்டதைவிட மேஜையில் கொட்டியதுதான் அதிகம்.

மார்க்கெட் திறந்தது. ஒரு எண்கூட நீலமாக இல்லை. எண்கள் மாறுகிற வேகத்தில் கண் வலித்தது.

"சார், எல்லாத்தையும் தள்ளிவிட்டுருங்க. எவ்வளவுக்குப் போனாலும் பரவால்ல" என்றார் நாட்டார்.

"போணி ஆவட்டும் நாட்டாரே. ஆனதும் மொத ஆர்டர் உங்களதுதான்."

"யாரு பண்ணுவா போணி?"

"போஸ்ட்மாஸ்டர் வந்துடுவாரு."

போஸ்ட்மாஸ்டர் வரவில்லை. கீழே டீக்கடையில் உட்கார்ந்திருந்தார் என்றும் படியேறப் பயமாக இருந்தது என்றும் பிறகுதான் தெரிந்தது. ஷேர்காரர் நாற்காலிகளைப் பார்த்து, "யாராவது ஒண்ணு வாங்குங்களேன். ஒண்ணே ஒண்ணு" என்றார். கும்பிடுகிற குரலில் கேட்டார். எவரும் அசையவில்லை. முன் வரிசையில் இருந்த ஜவுளிக்கடைக்காரர் மட்டும், "இன்னிக்குப் போணி பண்றவன் கோமணத்தையும் அவுத்து வச்சிட்டுத்தான் எறங்கணும்" என்றார். சொன்ன அவரே சிரிக்கவில்லை.

நாட்டார் என் பக்கம் திரும்பினார். "தம்பி, நீ அடிப்பா."

நான் ஷேர்காரரைப் பார்த்தேன். அவர் சட்டைப் பையைக் கையால் பொத்திக்கொண்டு நின்றார்.

"யோவ் சார்" என்றார் நாட்டார். அதுவரை அவர் யோவ் என்று சொல்லிக் கேட்டதில்லை. "கடல்ல காத்து மாறுச்சின்னா வலைய அறுத்துப்போட்டுட்டு கரைக்கு ஓடியாருவோம்யா. அதுக்கு நல்ல நேரம் பாத்துக்கிட்டு இருந்தா பொணமாத்தான் ஒதுங்கணும். எட்டு வருசத்து வலையா இருந்தாலும் அறுத்துருவோம். அறுய்யா."

"எனக்கு மட்டும் பயம் இல்லன்னு நெனைக்கிறீங்களா?" என்றார் ஷேர்காரர். மெதுவாகச் சொன்னார். அவர் உதட்டுக்கு மேல் வேர்த்திருந்தது.

இதெல்லாம் எவ்வளவு நேரம் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. மூன்று நிமிஷம் இருக்கலாம். கூடவும் இருக்கலாம். என் காதில் பேனா இருந்தது. என் ஆள்காட்டி விரலுக்கு நேர் கீழே அந்த ரப்பர் மொட்டு இருந்தது. மௌஸை நகர்த்தி மெனுவைத் திறந்தாலும் விற்றிருக்கலாம். விற்கச் சொன்னவர் சரக்குக்கு உரியவர். அவர் சொல்வதை அடிப்பதுதான் வேலை என்று தினமும் அந்த அறையில் கேட்டிருக்கிறேன். ஆனால் எனக்குப் பெஞ்சு நினைவுக்கு வந்தது, பஸ் ஸ்டாண்டு நினைவுக்கு வந்தது. பொத்தான் இல்லை, நான் என்ன செய்ய முடியும் என்பதுபோல கையைப் பின்னால் இழுத்து மடியில் வைத்துக்கொண்டேன். நாட்டார் அதைப் பார்த்தார். பொத்தான் இல்லாததால்தான் முடியவில்லை என்று அந்த மனுஷர் நம்பினார்.

"சரி. நானே போணி பண்றேன். ஒண்ணு வாங்கு. எதையாவது வாங்கு" என்றார்.

உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு விற்க வந்தவர் பெயரில் ஒரு ஷேர் வாங்கினேன். நீலப் பெட்டி திறந்து மூடியது. ஷேர்காரர் கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்து, பைக்குள் கையை விட்டார். குங்குமப் பொட்டலம் வந்தது. ஸ்க்ரூ டிரைவர் வந்தது. பொத்தானும் வந்தது, ஈரக் கையிலிருந்து வழுக்கி விழுந்தது. தரையில் ஒருமுறை குதித்து, பேட்டரிகள் வைத்திருந்த இரும்பு ஸ்டாண்டுக்கு அடியில் ஓடியது. ஷேர்காரர் மண்டி போட்டார். நாட்டாரும் மண்டி போட்டார். ஜவுளிக்கடைக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு படுத்தே விட்டார். மூன்று பெரிய மனிதர்கள் தரையில் கன்னத்தை வைத்துத் துழாவினார்கள். நான் திரைக்கு எதிரே உட்கார்ந்திருந்தேன். எண்கள் நின்றன.

முதலில் டிஷ்ஷில் கோளாறு என்று நினைத்தேன். கோளாறு இல்லை. மார்க்கெட் மொத்தமாகப் பத்தில் ஒரு பங்கு விழுந்துவிட்டால் ஒரு மணி நேரத்துக்கு வியாபாரத்தையே நிறுத்திவிடுவார்கள். நிறுத்திவிட்டார்கள்.

"என்னா ஆச்சு?" என்று தரையிலிருந்தபடியே நாட்டார் கேட்டார்.

"நிறுத்திட்டாங்க மாமா."

"யாரு?"

"பம்பாயில."

"இப்ப விக்க முடியாதா?"

"இப்ப யாராலயும் முடியாது மாமா."

அந்த ஒரு மணி நேரத்தில் அந்த அறையில் ஒருவர்கூட எழுந்து போகவில்லை. மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. பொத்தானைத் தேடுவதையும் விட்டுவிட்டார்கள். நாட்டார் தரையிலேயே, பேட்டரி ஸ்டாண்டில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். நான் எத்தனையோ இடங்களில் பயந்திருக்கிறேன். பெங்களூரில் கத்தியைக் காட்டிப் பணம் பிடுங்கியிருக்கிறார்கள். ஒருமுறை ரயிலிலிருந்து தள்ளிவிட்டார்கள். அப்போதெல்லாம் உடம்பு தானாக ஏதாவது செய்துகொண்டது. ஓடவோ, உருளவோ, கத்தவோ செய்தது. இந்த மாடியில் செய்வதற்கு ஒன்றும் இல்லை. அசையாத எண்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியிருந்தது. இடையில் சென்னையிலிருந்து போன் வந்தது. ஷேர்காரர் "சரி சார், சரி சார்" என்று மட்டும் சொன்னார். ரிசீவரை வைத்த பிறகும் ஒருமுறை "சரி சார்" என்றார்.

திரும்ப மார்க்கெட் திறந்தபோது என் விரல் எஃப் இரண்டின் ரப்பர் மொட்டுக்கு மேலேதான் இருந்தது. அதை அழுத்த வேண்டிய தேவை வரவில்லை. நாட்டாரின் கணக்கில் வரிகள் தாமாக மறைந்தன. ஒன்று, அடுத்தது, அதற்கடுத்தது. சென்னைக் கம்பெனி தன் பணத்தைக் காப்பாற்றிக்கொள்ள, கிடைத்த விலைக்கு எல்லாவற்றையும் விற்றுக்கொண்டிருந்தது. நாங்கள் ஒருவரும் எதையும் தொடவில்லை. தினமும் காலையில் ஷேர்காரர் நெம்பி எடுத்துப் பத்திரப்படுத்திய பொத்தானுக்கு ஒரு அர்த்தமும் இல்லை, விற்கிற விரல் வேறு ஊரில் இருந்தது என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவருக்கும் புரிந்திருக்க வேண்டும். சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். கோயில் பணத்தில் கால்வாசிகூட மிஞ்சவில்லை. நாட்டார் பெயரில் ஷேர் என்று பார்த்தால் காலையில் போணிக்கு வாங்கிய அந்த ஒன்று மட்டும் இருந்தது.

இதோடு முடிந்திருந்தால் நான் சிதம்பரத்திலேயே இருந்திருப்பேன். பதினொன்றரை மணி இருக்கும். ஜவுளிக்கடைக்காரர் திடீரென்று எழுந்து, "எனக்கு எல்லாத்தையும் வித்துடுடா" என்று கத்தினார். நான் யோசிக்கவில்லை. காதிலிருந்து பேனாவை எடுத்து ரப்பர் மொட்டைக் குத்தினேன். சிவப்புப் பெட்டி திறந்தது. அடித்துவிட்டு நிமிர்ந்தபோது நாட்டார் எனக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். பேனா முனையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்பிடியும் அமுக்கலாமா தம்பி?"

"அமுக்கலாம் மாமா."

"காலையிலயும் அமுக்கியிருக்கலாமா?"

ஆமாம் என்று தலையை ஆட்டினேன். அவர் என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். "ஊர்ல போயி சொல்லணும்" என்றார். யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் படியிறங்கினார். ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து இறங்கிய சத்தம் கேட்டது.

மற்றவர்களும் கலைந்த பிறகு ஷேர்காரர் கதவைச் சாத்தினார். "சாயங்காலத்துக்குள்ள அந்த ஊர்லேருந்து ஆளுங்க வருவாங்கப்பா. மெஷின்ல உக்காந்தவன் நீதான்னு எல்லாருக்கும் தெரியும். நீ போயிடு. இந்தப் பக்கம் வராத" என்று சொல்லி, அந்த மாதச் சம்பளத்தைக் கொடுத்தார். நோட்டு நனைந்திருந்தது. என்னைக் காப்பாற்றுவதற்காகச் சொன்னாரா, பழியை ஓடிப்போனவன் தலையில் கட்டிவிடலாம் என்று நினைத்துச் சொன்னாரா, இன்றைக்கும் எனக்குத் தெரியாது. இரண்டும் இருந்திருக்கலாம். போவதற்கு முன்னால், தினமும் செய்கிற பழக்கத்தில், அறையைப் பெருக்கினேன். பேட்டரி ஸ்டாண்டுக்கு அடியில் விளக்குமாற்றை விட்டு இழுத்தபோது அந்தப் பொத்தான் தூசியோடு வந்தது. ஷேர்காரர் பார்க்கவில்லை. எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன்.

பி.முட்லூரில் சாலை பிரிகிறது. நேரே போனால் கடலூர், வலது பக்கம் பரங்கிப்பேட்டை. அங்கே ஒரு பஞ்சர் கடை நிழலில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். வலது பக்கம் போய், ஊர்க்காரர்கள் முன்னால் நின்று, அவர் விற்கச் சொன்னார், நான்தான் அடிக்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். பணம் திரும்பி வராது. ஆனால் அவர் பக்கத்தில் ஒரு ஆள் நின்றதாக இருந்திருக்கும். பரங்கிப்பேட்டை மினி பஸ் ஒன்று வந்து நின்றது. கண்டக்டர், "ஏறுறியா இல்லியாப்பா?" என்று கேட்டார். "இல்ல" என்றேன். பிறகு முந்திரி மூட்டை ஏற்றிய ஒரு லாரி என்னைக் கடலூர் முதுநகரில் இறக்கிவிட்டது.

ஷேர்காரரை அதற்குப் பிறகு ஒரே ஒருமுறை பார்த்தேன். இரண்டு வருஷம் கழித்து, கடலூர் பஸ் ஸ்டாண்டில். சட்டையில் சலவை இல்லை, கையில் இன்ஷூரன்ஸ் பேப்பர்கள் வைத்த பை. மாடியை மூடிவிட்டதாகச் சொன்னார். டீ வாங்கிக் கொடுத்தார். குடித்து முடித்த பிறகு, "அந்தப் பொத்தான் கெடச்சுதாப்பா?" என்று கேட்டார். கிடைக்கவில்லை என்றேன். "நான் அன்னிக்கு ராத்திரி பூரா தேடுனேன். எதுக்குத் தேடுறேன்னு எனக்கே தெரியல" என்றார். அப்போதும் அது என் பையில்தான் இருந்தது. ஊர் ஆட்கள் அன்று சாயங்காலம் வந்தார்களா என்று நானும் கேட்கவில்லை.

அவர்கள் வரவில்லை என்பது நான் வேலை பார்த்த கடலூர் துறைமுகத்துக்கு வந்துபோகிற ஆட்கள் மூலம் பின்னால் தெரிந்தது. நாட்டார் மாசி மகம் வரைக்கும் காத்திருக்கவில்லை. அன்று சாயங்காலமே ஊரைக் கூட்டி, தானே சொல்லியிருக்கிறார். படகு, இன்ஜின், மனைவியின் நகை எல்லாவற்றையும் பாயில் வைத்தாராம். நாட்டார் பதவி போனது. ஒரு வருஷம் ஊர் விலக்கும் போட்டார்கள். அந்த வருஷம் குழாயடியில் அவர் மனைவி தனியாக நின்றிருப்பார். போணியைப் பற்றியோ, பேனாவைப் பற்றியோ, என்னைப் பற்றியோ அவர் ஊரில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் பயந்து ஓடிய ஆட்களுக்கு நான் ஒருவன் இருந்ததே தெரியாது.

2012-ல் நாட்டாரைப் பார்த்தேன். அதற்குள் நான் கேரளா போய், திருப்பூர் போய், திரும்பத் துறைமுகத்துக்கே வந்திருந்தேன். ஐஸ் பேக்டரி வேலை. வேறு யாருடைய படகுக்கோ ஐஸ் எடுக்கக் கூலியாளாக வந்திருந்தார். அதே துண்டு. மூன்று நான்கு முறை வந்தார். ஒவ்வொரு முறையும் நான் ஐஸ் அரைக்கிற மெஷினுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். கடைசியில் ஒருநாள் முன்னால் வந்து, "மாமா, என்னைத் தெரியுதா?" என்றேன்.

"தெரியாம என்னா? நான் வரும்போதெல்லாம் பின்னாடி போயி ஒளிஞ்சிக்கிற. நீ ஒளியிற நேரத்துல மெஷினப் பாக்க ஆளில்ல, ஐஸு கட்டி கட்டியா வருது" என்றார். கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு, "தூளா அரைப்பா. மீனு கெட்டுப்போவுது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பையில் கையை விட்டுப் பொத்தானைத் தொட்டுப் பார்த்தேன். வெளியே எடுக்கவில்லை. இதை எழுதும்போது மேஜையில் எனக்கு எதிரே வைத்திருக்கிறேன். எண் பாதி அழிந்துவிட்டது. இன்று யாருக்கும் மேல வீதி மாடி தேவையில்லை. அவரவர் போனில் அவரவரே வாங்கி அவரவரே விற்கிறார்கள். நடுவில் என்னைப்போல ஒருவன் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதில்லை. அது நல்லதுதான் என்று நினைக்கிறேன்.

2008-ல் அந்த முந்திரி லாரி என்னை இறக்கிவிட்ட மறுநாள் காலை, துறைமுகத்தில் அந்த ஐஸ் பேக்டரி வாசலில் வேலை கேட்டு நின்றேன். அதை நடத்திய அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"என்னா தெரியும்?"

"கம்ப்யூட்டர்ல அடிப்பேன்."

"அதுல ஐஸு ஒடையுமா?" என்று சிரித்துவிட்டு உள்ளே கூட்டிப்போனார். ஆள் நீளத்துக்கு இருந்த ஐஸ் பாளங்களை இரண்டு பேர் தள்ள, இரும்புப் பல் வைத்த உருளை அவற்றைக் கடித்துத் தூளாக்கிக்கொண்டிருந்தது. போன மாதம் ஒருவன் கை உள்ளே போய்விட்டதாம். மெஷினை நிறுத்துவதற்கென்றே சுவரில் ஒரு சிவப்புப் பொத்தான். அதற்கு எதிரே நிற்பதுதான் வேலை.

"யாரு கையாவது உள்ள போற மாதிரி இருந்தா என்னைக் கேக்காத, மேஸ்திரியக் கேக்காத. நிறுத்தாதன்னு நானே கத்துனாலும் கேக்காத. மொதல்ல அமுக்கு. அப்புறம் சொல்லு" என்றார் அக்கா.

சரி என்றேன். சட்டைப் பையில் அந்தப் பொத்தான் இருந்தது. அன்று சாயங்காலம் வரைக்கும் சுவரிலிருந்து நான் கையை எடுக்கவில்லை.